வேம்பு வைக்காத சூனியம்

பாடாலூரிலிருந்து மேற்கே பிரிகிற ரோட்டில் ரெண்டு மைல் உள்ளே போனால் தங்கசாமியின் ஊர் வரும். சின்ன வெங்காயம் போடுகிற ஊர். தங்கசாமிக்கு வயது அறுபத்திரெண்டு. மூணு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ரெண்டு கறவை மாடு, வெங்காயம் அடைத்து வைக்க ஒரு பட்டறை, இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரே மகள் இலக்கியா. அந்த மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அரியலூர்ப் பையன் செந்தில்குமார், அவனுக்கும் இங்கிலாந்தில் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஆனாலும் அந்தக் கல்யாணம் இந்த ஊரில் நடக்குமா, நடக்காதா என்று மூணு வாரம் இழுத்துக்கொண்டு கிடந்தது. இழுத்தது தங்கசாமிதான்.

மனுசனிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. பீடி இல்லை, சீட்டு இல்லை. தெருவில் யார் வீட்டு நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக வந்து பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டுவார். ஒரே ஒரு பழக்கம். எது கெட்டாலும், யாரோ செய்துவிட்டார்கள் என்பார்.

மோட்டார் காயில் எரிந்தால் செய்வினை. மாடு சினை பிடிக்காவிட்டால் செய்வினை. மீன்சுருட்டியில் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸைத் தவறவிட்டாரே, அதுவும் செய்வினைதான். அவர் வீட்டுக்காரி புஷ்பவல்லி மீன்சுருட்டியில் பிறந்தவள், நறுக்கென்று பேசுகிறவள். "பஸ்ஸு ஒம்பது மணிக்கு. நீங்க ரெண்டாவது வடைய ஒம்பதே காலுக்குத்தான் முழுங்குனீங்க. வடையிலயா வச்சான்?" என்று கேட்டாள்.

"வச்சாலும் வச்சிருப்பான்" என்றார் தங்கசாமி.

இது அப்பா வழியில் வந்ததில்லை. அப்பா மாட்டுக்குக்கூடக் கருப்புக் கயிறு கட்டாதவர். அம்மாவுக்கு ஒரு சின்னம்மா இருந்தாள், உடையார்பாளையத்தில் வாக்கப்பட்டவள். சோற்றில் முடி கிடந்தாலே தட்டோடு கொண்டுபோய் முச்சந்தியில் கவிழ்த்துவிட்டு வருவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. சொத்து அண்ணன் மக்களுக்குப் போனது. இந்தக் குணம் மட்டும் நேராகத் தங்கசாமிக்கு வந்துவிட்டது.

தங்கசாமிக்கு ஒரு தம்பி. ஆண்டவர் என்று பெயர். பேச்சே வராத மனுசன். தலையை ஆட்டினால் ஆமாம், ஆட்டாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே ஏலாக்குறிச்சிப் பக்கமிருந்து அவருக்குப் பெண்டாட்டியாக வேம்பு வந்து வாய்த்தாள். மூணு வீடு தள்ளித்தான் குடித்தனம். இலக்கியா சின்னப் பிள்ளையில் பாதி நாள் சித்தி வீட்டில்தான் கிடப்பாள். தலை பின்னி விடுவது, பேன் பார்ப்பது, பரீட்சைக்குக் காலையில் எழுப்பி விடுவது எல்லாம் வேம்புதான்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் பத்து நாள் விடாமல் தூறியது. தங்கசாமி வயலில் வெங்காயத் தாள் முறுக்கிக்கொண்டு வெளுத்துப் படுத்துவிட்டது. வேளாண்மை ஆபீசர் வந்து பார்த்து, "திருகல் நோய்ங்க. ஒரே வயல்ல திரும்பத் திரும்ப வெங்காயமே போட்டா வரும், தண்ணி நின்னா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கசாமி கேட்டுக்கொண்டார். ஆனால் வரப்புக்கு அந்தாண்டை தம்பி வயலில் வெங்காயம் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. தம்பி வயல் மேட்டுப் பாங்கு. போன போகம் மக்காச்சோளம் போட்டிருந்தான். அதையெல்லாம் யார் யோசிக்கிறது?

அந்த வரப்போரம் தம்பியின் தென்னங்கன்றுகள் இருந்தன. அங்கே கழுத்துவரை மண்ணில் புதைந்த ஒரு கலயத்தைத் தங்கசாமி பார்த்தார். உள்ளே கருப்பாகத் தண்ணி. ஒரே நாற்றம். அதில் கொம்பு முளைத்த வண்டுகள் செத்து மிதந்தன. எண்ணினார், பதினேழு.

தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்துத் தின்னும். ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்துக் கலயத்தில் ஊற்றிப் புதைத்தால், அந்த நாற்றத்துக்கு வந்து விழுந்து சாகும். வேம்பு விவசாயிகள் கூட்டத்தில் கேட்டுவந்து வைத்தது. தங்கசாமியிடம் ஒரு தென்னை கிடையாது. மூணு ஏக்கரும் வெங்காயம்.

கலயத்தைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு அரியலூர் ரோட்டில் குறி சொல்கிற ஜெயப்பிரகாஷிடம் போனார். ஜெயப்பிரகாஷ் மூக்கைப் பொத்திக்கொண்டே உடுக்கை அடித்தான். பிறகு கண்ணை மூடிச் சொன்னான்: "ஒங்க ரத்தத்துக்குப் பக்கத்துல இருக்கற பொம்பள. பொறந்த ரத்தம் இல்ல, வந்த ரத்தம். ஒங்க வாசப்படி அவளுக்குத் தெரியும்."

வேம்பு எவ்வளவோ சொன்னாள். "மாமா, அது வண்டுக்கு வச்சது மாமா."

"வண்டுக்கு வைக்கறவ வரப்புல ஏன் வச்ச?"

"தென்னை வரப்புலதான இருக்கு? வண்டை நடு வயலுக்கா வரச் சொல்ல முடியும்?"

தங்கசாமிக்குக் கோபம் இன்னும் கூடிப்போனது. மறுநாள் காலையில் பால் சொசைட்டி வாசலில் நின்று, வேம்பு செய்வினை வைத்துவிட்டாள் என்று எல்லாருக்கும் கேட்க உரக்கச் சொன்னார். அன்றோடு ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. கோயிலில் பார்த்தால் ஆண்டவர் மட்டும் அண்ணனுக்குத் தலையை ஆட்டுவார். அது ஆமாமா, வணக்கமா என்று யாருக்கும் தெரியாது.

இப்போது இந்தச் சித்திரைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம், இலக்கியா வீடியோவில் வந்தாள். இங்கே ரெண்டு மணி; அங்கே அவளுக்குக் காலை. புஷ்பவல்லி போனைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தாள்.

"பாப்பா, கொஞ்சம் நவுரு" என்றார் தங்கசாமி. "ஒனக்குப் பின்னாடி அது என்ன, கத்தியா?"

"சாமி அலமாரிப்பா."

"சாமி எங்க? கத்தி இருக்கு, ஒரு கிண்ணத்துல உப்பு இருக்கு, மெழுகுவத்தி இருக்கு, அஞ்சு மூலை நட்சத்திரம் இருக்கு. தொடப்பம் வேற தொங்குது!"

இலக்கியா சிரித்தாள். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன். ரெண்டு விசயம்ப்பா. ஒண்ணு இது. விக்கான்னு ஒரு கும்புடு முறை. எங்கூட வேலை பாக்கற மேகன் கூட்டிட்டுப் போனா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பத்துப் பேர் கூடுவோம். அவங்க தங்களச் சூனியக்காரின்னுதான் சொல்லிக்குவாங்க. நானும் இப்ப அதுல ஒருத்தி."

தங்கசாமி கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"செந்திலுக்குத் தெரியும், அவருக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவது விசயம். நலங்கு வைக்க வேம்பு சித்தி வரணும். நீயும் அம்மாவும் தட்டெடுத்துட்டுப் போய்க் கூப்புடணும். சித்தி வரலன்னா நான் மணையில உக்கார மாட்டேன். நாங்க இங்கயே ரிஜிஸ்டர் பண்ணிக்கறோம். விளையாட்டுக்குச் சொல்லலப்பா."

தங்கசாமி இடது கையால் போனைக் கவிழ்த்தார்.

"பாத்தியா?" என்றார் பெண்டாட்டியிடம். "இங்க கலயம் வச்சவ, கடல் தாண்டி என் மகளையும் இழுத்துட்டா. அவளையும் சூனியக்காரி ஆக்கிட்டா. ஆக்கிட்டு, அவ வாயாலயே அழைப்புக் கேக்கறா!"

"வேம்புகிட்ட போனுக்கு நெட்டு போடற காசே கெடையாது. கடல எங்க தாண்டுறது?" என்றாள் புஷ்பவல்லி.

அன்றிலிருந்து பத்து நாள் மனுசன் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் போன் செய்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். திடீர் திடீரென்று கேள்வி கேட்பார். "ஏண்டி, அந்த ஊர்ல பஸ் வசதியெல்லாம் நல்லாருக்குமா?"

"நல்லாத்தான் இருக்குமாம். ஏன்?"

"இல்ல, தொடப்பத்துல போகணும்னு அவசியம் இருக்காதுல்ல?"

குலதெய்வத்து விபூதி, தாயத்து, மூணு எலுமிச்சம்பழம் எல்லாம் கட்டி இங்கிலாந்துக்கு அனுப்பப் பெரம்பலூர் கூரியர் ஆபீசுக்குப் போனார். தாயத்து போகும், பழம் போகாது என்றுவிட்டார்கள். "பழம் போவலன்னா தாயத்து தனியா போயி என்னங்க பண்ணும்?" என்று அங்கேயே கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, ரெண்டையும் திருப்பிக் கொண்டுவந்தார். பழத்தைப் புஷ்பவல்லி ஊறுகாய் போட்டுவிட்டாள்.

கடைசியில் ஜெயப்பிரகாஷிடமே போனார். ஜெயப்பிரகாஷுக்கு இப்போது பழைய தகரக் கொட்டகை இல்லை; ஏசி ரூம். உடுக்கைகூடப் போனில்தான் அடிக்கிறது. இலக்கியா அம்மாவுக்கு அனுப்பியிருந்த அலமாரிப் போட்டோவை ரெண்டு விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தான். மகள் சொன்னதைத் தங்கசாமி வாயைத் திறந்து சொல்லவில்லை. போட்டோவை மட்டும் காட்டினார். சொல்ல வெட்கம்.

"பெரிய வேலைங்க இது" என்றான் ஜெயப்பிரகாஷ். "ரத்தம் குடுத்து வச்சிருக்காங்க. அந்த நட்சத்திரம் இருக்கே, அது சாத்தான் முத்திரை. யார் வச்சதுன்னு சொல்லவா?"

"சொல்லுங்க."

கண்ணை மூடினான். "ஒங்க ரத்தத்துக்குப் பக்கத்துல இருக்கற பொம்பள. பொறந்த ரத்தம் இல்ல, வந்த ரத்தம். ஒங்க வாசப்படி அவளுக்குத் தெரியும்."

தங்கசாமி போட்டோவை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "இல்லீங்களே" என்றார். "இது வச்சது என் மவ. அவளே கடையில வாங்கி அவளே வச்சது. அவ வூடு அது. எனக்குப் பொறந்த ரத்தம்தான்."

ஜெயப்பிரகாஷ் ஒரு கண்ணைத் திறந்தான். "வச்சது மவ கையி. வைக்கச் சொன்னது அந்தப் பொம்பள."

"அவ துறையூரைத் தாண்டுனதில்லீங்க."

"மனசு தாண்டும்ல?"

தங்கசாமி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் ஒரு கலயம் கொண்டாந்தப்பவும் நீங்க இதே வார்த்தைதான் சொன்னீங்க. ஒரு எழுத்து மாறல. எல்லாருக்குமே இதானா?"

ஜெயப்பிரகாஷுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது.

தங்கசாமி பாடாலூரில் இறங்கி, ஊருக்குப் போகிற டவுன் பஸ் ரெண்டை விட்டுவிட்டு நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். பஸ் போனதுக்கு அன்றைக்கு அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே மகளைக் கூப்பிடச் சொன்னார். செம்பில் சாய்ந்த போனுக்கு முன்னால், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்தவர் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, நான் கேக்கறேன், நீ சொல்லு. மறைக்கக் கூடாது. அந்தக் கத்தி எதை வெட்ட?"

"எதையும் வெட்டாதுப்பா. மொன்னை. கும்புடற எடத்தைச் சுத்தி வட்டம் போட்டுக் காட்டறதுக்கு. அம்மா அருவாமனதான் அதவிட ஆபத்து."

"தொடப்பம்?"

"எடத்தச் சுத்தம் பண்ண. பறக்கவெல்லாம் இல்ல. பறக்க முடிஞ்சா நான் ஏன் ரெண்டு பிளைட் மாறி ஒரு நாள் பூரா தூங்காம வர்றேன்?"

"அந்த அஞ்சு மூலை நட்சத்திரம்?"

"நிலம், தண்ணி, நெருப்பு, காத்து. அஞ்சாவதா ஆத்மா."

தங்கசாமி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம கணக்கு மாதிரியில்ல இருக்கு?"

"அதுல அவங்களுக்கு ஆகாசம் கொறையுது, அவ்ளோதான்" என்றாள் புஷ்பவல்லி, என்னமோ அவளே போய்ச் சரிபார்த்துவிட்டு வந்த மாதிரி.

"சாத்தானக் கும்புடுவீங்களாமே?"

"அந்த ஆளே இதுல கெடையாதுப்பா. அது வேற மதத்து ஆளு. இங்க ஒரு அம்மன், ஒரு சாமி, நிலா, வெயில் காலம் பனிக் காலம், இதான். ஆம்பளைங்களும் வருவாங்க. ஒருத்தர் பஸ் டிரைவர், ஒருத்தர் கணக்கு வாத்தியார்."

"ரொம்பப் பழைய மந்திரமோ?"

"பழசும் இல்ல. ஒரு ரிடையர்டு ஆபீசர் எழுவது எம்பது வருசத்துக்கு முன்னாடி கெளப்பி வுட்டது. ஒன்னவிடப் பத்து வயசுதான் மூத்தது."

தங்கசாமிக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. குரலைத் தாழ்த்திக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "யாருக்காச்சும்... வைப்பீங்களா?"

"யாருக்கும் கெடுதல் பண்ணாத, மத்தபடி ஒன் இஷ்டம். இதான் மொதப் பாடமே. பண்ணுனா மூணு மடங்கா நமக்கே திரும்புமாம். நல்லதும் அப்பிடித்தான்."

"நல்லதும் மூணு மடங்கா?" தங்கசாமி நிமிர்ந்தார். "அப்ப அடுத்த பௌர்ணமிக்கு நம்ம வெங்காயத்தையும் ஒரு வார்த்தை சொல்லி வையி."

இலக்கியா சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அப்பா, சூனியக்காரின்னு ஏன் சொல்லிக்கறீங்கன்னு நான் மேகன்கிட்ட கேட்டேன். அந்தக் காலத்துல அங்க யார் வூட்டு மாடு செத்தாலும், பயிரு அழுகிப்போனாலும், பக்கத்து வூட்டுப் பொம்பள ஒருத்தியக் கை காட்டிருவாங்களாம். அந்தப் பேரச் சொல்லித் தூக்குல தொங்க வுட்டாங்களாம். அந்தப் பேரத்தான் இவங்க வேணும்னே எடுத்து வச்சிருக்காங்க. அதக் கேட்டப்ப எனக்கு யார் மொகம் வந்துதுன்னு ஒனக்குத் தெரியும்."

தங்கசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மறுநாள் சாயங்காலம் புஷ்பவல்லி தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை வைத்து எடுத்துக்கொள்ள, புருசனும் பெண்டாட்டியும் மூணு வீடு தள்ளிப் போனார்கள். வேம்பு வாசலில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். ஆண்டவர் ரெண்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

"வாங்கக்கா. மாமாவுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றாள் வேம்பு.

புஷ்பவல்லி தட்டை நீட்டினாள்.

"அப்பிடியே கீழ வைங்கக்கா. நான் தொடமாட்டேன். தொட்டா ஏதாச்சும் ஆயிறப்போவுது."

தங்கசாமி தொண்டையைச் செருமினார். "வேம்பு, தப்பு நடந்துபோச்சு."

"நடந்துச்சா? அதுவா நடந்து வந்து நம்ம வரப்புல உக்காந்துச்சா?"

"சரிம்மா. நான்தான் பண்ணுனேன். நான் பண்ணுன தப்பு."

வேம்பு அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "இத நீங்க எங்கிட்ட சொல்ல வேண்டாம் மாமா. எனக்குத்தான் தெரியுமே. அன்னிக்குப் பால் ஊத்தற எடத்துல, அத்தன பேரு கேனோட நிக்கறப்ப, நல்லா ஒரக்கச் சொன்னீங்க. அங்க போயிச் சொல்லுங்க. அதே ஒரக்க. அப்பறம் தட்டக் கொண்டாங்க, இலக்கியாவுக்கு நான் நலங்கு வைக்கிறேன். இல்லன்னா அவ அங்கயே நல்லாருக்கட்டும்."

தட்டு வந்த வழியே திரும்பியது. அந்தத் தெருவில் அழைப்புத் தட்டு ஒன்று திரும்பியது அதுதான் முதல் தடவை.

விடிந்தது. ஆறு மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் பதினைந்து இருபது பேர் கேனும் தூக்குமாக நின்றார்கள். வேம்பும் வரிசையில் நின்றாள். தங்கசாமி முதலில் மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். பிறகு தீவன விலை. வேம்பு கேனைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சத்தம் தானாக வந்துவிட்டது.

"எல்லாரும் கேளுங்க! பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க வேம்பு எனக்குச் செய்வினை வச்சுதுன்னு இதே எடத்துல சொன்னேன். வைக்கல. அது வண்டுக்கு வச்ச கலயம். என் வெங்காயம் போனது தண்ணி நின்னு போனது. நான் சொன்னது பொய்யி!"

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய அடி. எதிர் வீட்டு மலர்கொடி கேன் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "அது எங்களுக்கு அன்னிக்கே தெரியுமேண்ணே. எங்க தென்னைக்கும் அதே கலயம்தான வச்சிருந்தோம். நீங்க சொன்னத நாங்க யாரும் நம்பவே இல்ல."

"ஆமா, ஆமா" என்றார்கள் நாலைந்து பேர்.

வேம்பு இப்போது அவர்கள் பக்கம் திரும்பினாள். "நம்பலயா? நம்பலன்னா, இந்தப் பன்னெண்டு வருசத்துல எங்க வூட்டுல யாரு ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்க? கைய தூக்குங்க பாப்போம்."

ஒரு கையும் மேலே போகவில்லை. மலர்கொடி கேன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மூடி எப்போதோ இறுகிவிட்டது. ஒருத்தர் துண்டை உதறினார். தங்கசாமிக்கே அது புதுச் செய்தி. அவர் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரியும். ஊர் குடிக்காமல் இருந்தது தெரியாது.

கடைசியில் மலர்கொடிதான் வாயைத் திறந்தாள். "வேம்பு, டீ இருக்கா?"

"பால் ஊத்திட்டு வாங்க. போடறேன்."

ஒவ்வொருத்தராக வந்தார்கள். வெறும் தூக்கை ஆட்டிக்கொண்டு, ஏதோ அந்த வழியாக எப்போதும் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். புஷ்பவல்லி தட்டோடு வந்தாள். வேம்பு கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஆண்டவர் டம்ளர் கழுவினார். தங்கசாமிக்கு ரெண்டாவது டம்ளர் வந்தபோது உள்ளே டீத்தூள் டப்பாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மாமா" என்று அடுப்படியிலிருந்து வேம்பு குரல் கொடுத்தாள். "கடைக்குப் போயி டீத்தூள் வாங்கியாங்க."

அந்தத் தெருவில் எந்தத் தம்பி பெண்டாட்டியும் மூத்தாரைக் கடைக்கு ஏவியதில்லை. எல்லாரும் தங்கசாமி முகத்தைப் பார்த்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். வாசல் தாண்டியவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"கால் கிலோ போதுமா, அரைக் கிலோவா?"

"அரைக் கிலோவே வாங்குங்க. கல்யாணம் வரைக்கும் வருவாங்க" என்றாள் வேம்பு.